மீண்டும் அலுவலகம்: முதல் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டியவை

பல மாதங்களோ ஆண்டுகளோ வீட்டிலிருந்தே வேலை பார்த்தவருக்கு, குறிப்பிட்ட தேதியிலிருந்து அலுவலகத்திற்கு வர வேண்டும் என்ற அறிவிப்பு வந்ததும் முதலில் நினைவுக்கு வருவது உடையும் வண்டியும்தான். பேறுகால விடுப்போ நீண்ட சிகிச்சையோ முடிந்து வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் மாறப்போவது ஒரு நாளின் மொத்த வரிசை. எழும் நேரம், சாப்பிடும் நேரம், துணி துவைக்கும் நேரம், வீட்டு முதியவருக்கு மருந்து கொடுக்கும் நேரம், குழந்தை பள்ளியிலிருந்து வரும் நேரம் என ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை எல்லாம் ஒரே நாளில் இடம் மாறுகின்றன. நான் அலுவலகம் திரும்பிய முதல் வாரத்தில் என்னைச் சோர்வடையச் செய்தது வேலைப்பளு இல்லை, இந்த இடமாற்றம்தான். ஆகவே எதையும் முதல் நாள் காலையில் தொடங்காதீர்கள். இரண்டு வாரங்களுக்கு முன்பே, அதுவும் மாலைப்பொழுதிலிருந்து தொடங்குங்கள்.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

ஒரு தாளை எடுத்து, இருக்கையில் அமர வேண்டிய நேரத்தை அதன் அடிவரியில் எழுதிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு படியாக எழுதிக்கொண்டு போங்கள். 9.30 மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி, லிஃப்டுக்குக் காத்திருந்து, இருக்கையை அடைய 10 நிமிடம். பயணத்திற்கு 50 நிமிடம். ஆக, வீட்டை விட்டு 8.30-க்குக் கிளம்ப வேண்டும். குளியல், உடை, காலை உணவு, குழந்தைகளைத் தயார் செய்வது ஆகியவற்றுக்கு ஒன்றேகால் மணி நேரமும், எதிர்பாராதவற்றுக்காகக் கால் மணி நேரமும் ஒதுக்கினால், எழ வேண்டிய நேரம் 7.00. ஏழரை மணி நேரம் தூங்க வேண்டுமென்றால் இரவு 11.30-க்குள் தூங்கிவிட வேண்டும், அதற்கு 11.15-க்கேனும் விளக்கை அணைத்திருக்க வேண்டும். கைபேசியையும் கணினியையும் அதற்கும் அரை மணி முன்பு ஒதுக்கிவைக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் தேவை என்று தூக்கவியல் மருத்துவர்கள் கூறுவதால், கணக்கு இடிக்கும்போது தூக்கத்தில் கைவைக்காமல் வேறு எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள்.

இப்போது நீங்கள் 8.30-க்கு எழுகிறீர்கள் என்றால், கடக்க வேண்டிய இடைவெளி 90 நிமிடம். இரண்டு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாக எழுந்தால் 12 நாள்களில் அந்த இடத்திற்கு வந்துவிடலாம். நான் இரண்டு வாரம் என்று சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் எழும் நேரம், பிறகு தூங்கும் நேரம்

நம் உடலுக்குள் இயங்கும் கடிகாரம் பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீண்டது. அதனால் தாமதமாகத் தூங்கப் பழகுவது தானாகவே நடந்துவிடுகிறது. முன்னதாகத் தூங்கப் பழகுவதற்குத்தான் முயற்சி தேவைப்படுகிறது. இந்தக் கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நமக்கு வேண்டிய செய்தி எளிமையானது: அந்தக் கடிகாரத்தைத் திருத்தும் முதன்மையான சாவி வெளிச்சம். காலையில் கண்ணில் படும் வெளிச்சம் அதை முன்னால் தள்ளுகிறது, இரவில் படும் வெளிச்சம் பின்னுக்கு இழுக்கிறது.

எனவே சீக்கிரம் படுத்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்காமல், முதலில் எழும் நேரத்தை முன்னே கொண்டுவாருங்கள். எழுந்த ஒரு மணி நேரத்திற்குள் அரை மணியேனும் வெளியில் நடங்கள். முடியாதவர்கள் மாடியிலோ வாசலிலோ உட்காரலாம். மேகமூட்டமான நாளிலும் வெளியில் ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சம் இருக்கும். அறைக்குள் எல்லா விளக்குகளையும் போட்டாலும் சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. கண் இதற்குள் பழகிவிடுவதால் அந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை, ஆனால் உடற்கடிகாரத்திற்குத் தெரிகிறது. இப்படி நான்கைந்து நாள்கள் சென்றபின் இரவுத் தூக்கம் தானே முன்னதாக வரத் தொடங்கும்.

காப்பி, தேநீர் விஷயத்திலும் ஒரு கணக்கு உண்டு. குடித்த காஃபினில் பாதி உடலிலிருந்து வெளியேறவே பொதுவாக ஐந்து மணி நேரம் அளவில் ஆகிறது. மாலை ஐந்து மணிக்குக் குடித்த கோப்பையில் பாதி இரவு பத்து மணிக்கும் உடலில் இருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு குடிப்பதில்லை என்று வைத்துக்கொள்வது இந்த இரண்டு வாரத்திற்கேனும் நல்லது. பகலில் கண் அயர்ந்தால் 20 நிமிடத்தோடு எழுந்துவிடுங்கள். விடுமுறை நாள்களில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடுதலாகத் தூங்கினால், ஐந்து நாள் உழைப்பால் முன்னே வந்த கடிகாரம் மறுபடியும் பின்னே போய்விடும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் மட்டும் அலுவலகம் செல்கிறவர்கள் இதில் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அலுவலக நாளில் 7 மணி, வீட்டு நாளில் 9 மணி என்று எழுவது, ஒவ்வொரு வாரமும் இருமுறை நேர மண்டலம் மாறிப் பயணிப்பதற்கு ஒப்பானது. எங்கிருந்து வேலை பார்த்தாலும் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். வீட்டு நாளில் மிச்சமாகும் பயண நேரத்தை நடைப்பயிற்சிக்கோ வீட்டு வேலைக்கோ கொடுங்கள்.

ஒத்திகைப் பயணம்

முதல் நாளுக்கு முந்தைய வாரத்தில் ஒரு வேலை நாளில், கிளம்பப்போகும் அதே நேரத்தில், கொண்டுபோகப்போகும் அதே பையுடன், அணியப்போகும் அதே காலணியுடன் அலுவலக வாயில்வரை ஒருமுறை சென்று வாருங்கள். விடுமுறை நாளில் நண்பகலில் சென்று பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வதில் பயனில்லை. நான் அப்படிக் குறித்துக்கொண்ட 35 நிமிடம், திங்கட்கிழமைக் காலையில் ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. ஒத்திகையில் கடிகாரத்தை மட்டும் பார்க்காமல், எந்த இடத்தில் நெரிசல் தொடங்குகிறது, உட்கார இடம் கிடைக்கிறதா, மழை வந்தால் எங்கே ஒதுங்கலாம், தவறவிட்டால் அடுத்த பேருந்தோ ரயிலோ எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

பாதங்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெறுங்காலுடனோ மெல்லிய செருப்புடனோ நாளெல்லாம் இருந்த பாதத்தின் தோல் மென்மையாகியிருக்கும். பழைய ஷூவை எடுத்து மாட்டி ஒரு கிலோமீட்டர் நடந்தால் குதிகாலுக்கு மேலே தோல் உரிந்துவிடும். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம் என அதை அணிந்தே வீட்டில் நடமாடுங்கள். உடையையும் நின்றபடி கண்ணாடியில் பார்த்து நிறுத்திவிடாமல், போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். இடுப்பில் இறுக்கம் இருந்தால் அப்போதுதான் தெரியும். மடிக்கணினியைச் சுமப்பவர்கள் ஒற்றைத் தோளில் தொங்கும் பையைவிட இரு தோள்களிலும் மாட்டும் பையைத் தேர்ந்தெடுப்பதே முதுகுக்கு நல்லது.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் நடந்துவந்த வேலைகள்

வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடாத பகுதி இது. என் கருத்தில் மிக முக்கியமானதும் இதுதான். வீட்டிலிருந்து வேலை பார்த்தவர் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே எழுந்து துணியை உலர்த்தியிருப்பார், பார்சலை வாங்கி வைத்திருப்பார், பழுது பார்க்க வந்தவருக்குக் கதவைத் திறந்திருப்பார், பள்ளி விட்டு வந்த குழந்தைக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்திருப்பார். இவற்றை அவரே ஒரு வேலையாக எண்ணியிருக்க மாட்டார். வீட்டில் இருப்பவர்களும் அது தானாக நடப்பதாகவே பழகியிருப்பார்கள். அவர் வெளியே போகத் தொடங்கியதும் இவை எல்லாம் இரவு எட்டு மணிக்குமேல் அவர் தலையிலேயே வந்து விழுகின்றன.

இதைத் தவிர்க்க, ஒரு வாரம் முழுவதும் காலை 9 முதல் மாலை 6 வரை நீங்கள் செய்யும் வீட்டு வேலைகள் அனைத்தையும், செய்யும்போதே, ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இரவில் யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். வார முடிவில் குடும்பத்தினர் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இனி அதைச் செய்யப்போகிறவர் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். சிலவற்றை முற்றிலும் கைவிடலாம் என்பதும் அப்போது தெரியவரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பிற்பகல் இரண்டு மணிக்கு முதியவருக்கு ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும். ‘இனி நான் கொடுத்துவிடுகிறேன்’ என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் விஷயம் முடிந்ததாக நினைக்கிறோம். ஆனால் அந்த வேலைக்குள் வேறு வேலைகளும் இருக்கின்றன: மாத்திரை அட்டையில் மூன்று மட்டும் மிச்சமிருப்பதைக் கவனிப்பது, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது, அவர் அன்று சரியாகச் சாப்பிடாதபோது மருத்துவரை அழைத்துக் கேட்பது. பொறுப்பை ஒப்படைக்கும்போது இவற்றையும் சேர்த்து ஒப்படைக்காவிட்டால், மாத்திரை கொடுப்பவர் ஒருவராகவும் அதைப் பற்றி அலுவலகத்தில் அமர்ந்து கவலைப்படுபவர் நீங்களாகவும் இருப்பீர்கள். புதிய ஏற்பாட்டை முதல் நாளுக்கு ஒரு வாரம் முன்பே நடைமுறைக்குக் கொண்டுவந்து, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, நீங்கள் இல்லாததுபோல் நடத்திப் பாருங்கள்.

சிறு குழந்தைகளும் வளர்ப்பு நாய்களும் பிரிவுக்குப் படிப்படியாகப் பழக வேண்டும். முதலில் பத்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு இரண்டு மணி நேரம் என்று வெளியே போய்த் திரும்புங்கள். குழந்தையிடம் சொல்லாமல் நழுவிப் போவதைவிட, சொல்லிவிட்டுக் கிளம்பிச் சொன்ன நேரத்தில் திரும்பி வருவதே நம்பிக்கையை வளர்க்கும்.

முந்தைய இரவு

காலை நேரத்தின் குழப்பத்திற்குக் காரணம் பெரும்பாலும் முடிவுகள்: எதை உடுத்துவது, எதைச் சாப்பிடுவது, சாவி எங்கே. இவற்றை இரவிலேயே முடித்துவிடுங்கள். இதற்கு மன உறுதியை நம்ப வேண்டாம். இரவில் ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு புதிய செயலை முடிச்சுப்போடுங்கள். ‘இரவு உணவு முடிந்து கை கழுவியதும் நாளைக்கான பையை எடுத்து வைப்பேன்’ என்று நிகழ்வையும் செயலையும் இணைத்துத் தீர்மானிப்பது, ‘இனிமேல் சீக்கிரம் தயாராவேன்’ என்ற பொதுவான தீர்மானத்தைவிட நன்றாக நிலைக்கிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. சார்ஜர், இயர்போன், தண்ணீர் பாட்டில், வழக்கமான மருந்து, மெல்லிய மேலாடை ஆகியவை பையிலேயே நிரந்தரமாக இருக்கட்டும். வீட்டுக்கென்று ஒன்று, பைக்கென்று ஒன்று என இரண்டு சார்ஜர் வைத்துக்கொள்வது வீண்செலவு இல்லை.

அலுவலகத்தில் முதல் நாள்கள்

அமைதியான அறைக்குப் பழகிய காதுக்குத் திறந்த கூடத்தின் பேச்சொலி முதலில் பெரும் சுமையாக இருக்கும். பலரோடு நாள் முழுவதும் பேசிய தொண்டையும் முகமும்கூடக் களைத்துப்போகும். எனவே முதல் வாரத்தில் கூர்ந்த சிந்தனை தேவைப்படும் வேலைகளைக் கூட்டம் சேர்வதற்கு முந்தைய காலை நேரத்தில் வைத்துக்கொண்டு, பிற்பகலைச் சந்திப்புகளுக்கு விடுங்கள். மாலை நிகழ்ச்சிகளுக்கு அந்த வாரம் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இருக்கையில் அமர்ந்ததும் முதலில் நாற்காலியைச் சரிசெய்யுங்கள். பாதங்கள் தரையில் முழுதாகப் படிய வேண்டும், முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். 20 நிமிடத்திற்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ள எதையாவது 20 வினாடி பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு தரும். வீட்டில் தண்ணீருக்காகவும் கதவுக்காகவும் பலமுறை எழுந்திருப்பீர்கள், அலுவலகத்தில் அந்தக் காரணங்கள் இல்லாததால் மணிக்கொருமுறையாவது வேண்டுமென்றே எழுந்து நடக்க வேண்டியிருக்கும்.

உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்வது, புதிய உணவு முறை, புதிய மொழி கற்பது போன்றவற்றை இதே மாதத்தில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே நேரத்தில் பலவற்றை மாற்ற முயன்றால் அடிப்படையான தூக்கமே முதலில் பறிபோகும். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்று உலக சுகாதார அமைப்பு கூறும் அளவை, ஒரு நிறுத்தம் முன்பாகவே இறங்கி நடப்பதன் மூலமாகவே பெருமளவு எட்டிவிடலாம்.

மாலை வீடு திரும்பியதும் மடிக்கணினியை மீண்டும் திறக்கும் பழைய வழக்கம் தொடர்ந்தால் அலுவலக நாளும் வீட்டு நாளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, முடியாமல் நிற்கும் வேலைகளையும் மறுநாள் முதலில் தொட வேண்டியதையும் எழுதி மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எப்போது மறுபரிசீலனை செய்வது

லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் நடத்திய ஆய்வொன்றில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே முதல் வாரத்துக் களைப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து, முதலில் எழுதிய அதே தாளை எடுத்து, உண்மையில் நடக்கும் நேரங்களை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பயணம் கணக்கிட்டதைவிடத் தொடர்ந்து அரை மணி கூடுதலாகிறது என்றால், அந்தக் குறிப்புகளுடனேயே மேலாளரைச் சந்தித்து, வேலை தொடங்கும் நேரத்தை நெரிசலுக்கு முன்போ பின்போ மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பொதுவான குறையாகச் சொல்வதைவிடத் தேதியும் நேரமும் போட்ட தாளுக்குப் பதில் கிடைப்பது எளிது. வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் வராமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ, கழுத்து முதுகு வலி ஓய்விலும் தணியாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். அவரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள்.