ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு வாசிப்பது எப்படி: எங்கள் வீட்டு முறை

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பல வீடுகளில் கதைப் புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது. எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் மடியில் உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளை, ஒன்றாம் வகுப்பில் ஹோம்வொர்க் எழுதி முடித்ததுமே சோர்ந்துவிடுகிறது. புத்தகத்தைக் கண்டாலே இன்னொரு பாடம் என்று நினைத்துக்கொள்கிறது. இந்த ஒரு வருடத்தில் வாசிப்பை விட்டுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மதுரையில் என் மகளோடு நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன்.

முதலில், கதை நேரத்தைப் பாட நேரத்திலிருந்து பிரித்துவிடுங்கள். ஹோம்வொர்க் எழுதிய மேசையில் கதை வேண்டாம். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து பாய் விரித்த பிறகுதான் புத்தகம் வரும். கால் மணி நேரம் போதும். அப்போது "இது என்ன எழுத்து?" என்று கேட்கவே மாட்டேன். வாசிப்பது நான், பக்கம் திருப்புவது அவள். ஒரே கதையைத் தினமும் கேட்டால் தினமும் வாசியுங்கள். தெரிந்த கதையில்தான் பிள்ளை தானாக வரிகளை அடையாளம் கண்டுபிடிக்கிறது.

வாசிக்கும்போது புத்தகத் தமிழை மாற்றாமல் அப்படியே வாசியுங்கள். "குரங்கு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது" என்று புத்தகத்தில் இருந்தால் அப்படியேதான். பக்கம் முடிந்ததும், "கொரங்கு மரத்துல ஏறிக்கிட்டு இருந்துச்சு, அப்புறம் என்ன ஆச்சு?" என்று வீட்டுப் பேச்சில் பேசிக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் போனதும் திடீரென்று எழுத்துத் தமிழைச் சந்திக்கும் பிள்ளைக்கு அது அந்நியமாக இருக்கும். தினமும் காதில் விழுந்தால் அந்தக் கூச்சம் போய்விடும்.

எழுத்துக்கு வருவோம். தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, இவற்றோடு துணைக்குறிகள் தெரிந்தால் மிச்சமுள்ள 216 உயிர்மெய்யில் பெரும்பாலானவை தானாக வரும். அ, ஆ வரிசை பாட்டாகச் சொல்ல நல்லது. ஆனால் கண்ணால் பார்த்து வாசிக்க ட, ப, ம போன்ற எளிய வடிவங்களில் தொடங்குவது சுலபம். படம், மடம், பட்டம் என்று உடனே வார்த்தை கிடைத்துவிடும். வார்த்தை கிடைத்தால்தான் பிள்ளைக்கு உற்சாகம்.

பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. அவை பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் கோபம் வராது. கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஆனால் வாய் ‘க்’ ஒலியில்தான் தொடங்குகிறது. கொ, கோ என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. கு, சு, டு, து, மு என்று எழுதிப் பாருங்கள், உகரத்தின் வால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகப் போகும். இதை விதியாகச் சொல்லிக்கொடுத்தால் குழம்பும். பசு, மாடு, பாம்பு என்று வார்த்தையாகவே பழக்குங்கள். துணைக்காலும் ‘ர’வும் அச்சில் ஒன்றுபோலத் தெரிவதால் ‘கார்’, ‘பார்’ போன்ற சொற்களில் பிள்ளை தயங்கி நிற்கும். ‘பாம்பு’வில் முதல் ‘ப’வுக்கும் கடைசி ‘பு’வுக்கும் ஒலி வேறு. தனி எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே திகைக்கும். பொறுமையாக முழு வார்த்தையையும் நீங்களே சொல்லிவிடுங்கள், அடுத்த முறை அது சொல்லும்.

தெருவும் நல்ல புத்தகம்தான். பேருந்துப் பலகையில் ‘பெரியார்’ என்பதை என் மகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ‘மாட்டுத்தாவணி’யில் முதலில் ‘மாடு’ இருக்கிறதா என்று தேடுவாள். ‘திருப்பரங்குன்றம்’ இன்னும் துண்டு துண்டாகத்தான் வருகிறது. கடைப் பலகையில் ‘ஜிகர்தண்டா’ என்று வாசித்த அன்று ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தேன், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

புத்தகத்துக்குச் செலவு அதிகம் ஆகாது. குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். போனில் காட்டாமல் அச்செடுத்துத் தைத்துக் கொடுங்கள். மதுரைக்காரர்களுக்குப் புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதியோடு. வீட்டுக்கு எடுத்து வர, பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும், அட்டை பிடித்திருந்தால் அதுவே போதுமான காரணம்.

அடுத்தது மற்ற பெற்றோர். இதில்தான் எனக்கு அதிக அக்கறை. பள்ளி வாசலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் "என் பையன் பாடம் முழுக்க வாசிச்சிடுறான்" என்று ஒருவர் சொன்னால், அன்று மாலை நாலு வீட்டில் பிள்ளைகளுக்குத் திட்டு விழுகிறது. அதற்குப் பதில் பிள்ளைக்கு எந்தக் கதை பிடித்தது, எந்தப் பக்கத்தில் சிரித்தது, எந்த வார்த்தையில் நின்றது என்று பேசிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் சில வீடுகள் சேர்ந்து ஒரு மஞ்சப்பை வைத்திருக்கிறோம். வீட்டுக்கு இரண்டு புத்தகம் போட்டு, சனிக்கிழமைதோறும் பை அடுத்த வீட்டுக்குப் போகும். உள்ளே ஒரு நோட்டும் இருக்கும். அதில் பெரியவர் ஒரு வரி எழுத வேண்டும், பிள்ளை ஒரு படம் வரைய வேண்டும். மதிப்பெண், ஸ்டார் எதுவும் கிடையாது. கிழிந்தால் செல்லோடேப் ஒட்டித் திருப்பித் தர வேண்டும், யாரும் குறை சொல்லக் கூடாது.

"நானும் அழுதேன்" என்ற வரியோடு இன்னொரு பிள்ளை அந்த நோட்டில் பள்ளி வாசலை வரைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் என் மகள் தன் வகுப்பைப் பற்றி வாய் திறந்தாள். "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், யாருடைய டிபன் பாக்ஸில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆறு வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவதும் ன, ண குழம்புவதும் சாதாரணம். புத்தகத்தை மூக்குக்கு அருகே வைத்தாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள். வருடக் கடைசியிலும் எளிய வார்த்தைகள் வராமல் சிரமப்பட்டால் வகுப்பு ஆசிரியரிடம் தனியாக, பிள்ளை பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசுங்கள்.