அரிதான அரபுப் பெயரும் முதல் அபிப்பிராயமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் தங்கை தன் பெண் குழந்தைக்கு ‘ஸுஹா’ என்று பெயர் வைக்க நினைத்தபோது, அதை முதலில் கேட்டவர் மாமி. அதுவும் போனில். “சுகமாவா? நான் சுகம்தாம்மா” என்றார். பெயர் என்று விளக்கிச் சொன்னதும், “இதென்ன, பாதியிலேயே நிக்குது?” என்று கேட்டார். அவ்வளவுதான், தங்கை அன்றிரவே அந்தப் பெயரைத் தாளிலிருந்து அடித்துவிட்டாள்.

அதிகம் புழங்காத பெயரைத் தேடுகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். பெயர் காதில் விழுந்த கணத்தில் ஒருவர் சொன்னதை முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள். புதுப் பெயர் ஒன்றைக் கேட்டால், நமக்குத் தெரிந்த சொற்களில் எது அதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் காது தேடும். ‘மஹா’ என்றால் தமிழ்க் காதுக்கு ‘மகா’தான். அரபியில் அது பெரிய கண்களைக் கொண்ட ஒரு பாலைவன மான். கண்ணழகைச் சொல்ல அரபுக் கவிஞர்கள் காலங்காலமாக எடுத்தாண்ட உவமை. முதல் தடவை கேட்பவருக்கு இது எப்படித் தெரியும்?

ஸுஹா ஒரு நட்சத்திரத்தின் பெயர். சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரை ஒட்டி மங்கலாகத் தெரியும் சின்ன நட்சத்திரம் அது. ஆமாம், நாம் அருந்ததி என்கிறோமே, அதேதான். பார்வை கூர்மையாக இருக்கிறதா என்று அறிய அரபிகள் அதைப் பார்க்கச் சொல்வார்களாம். “நான் அவளுக்கு ஸுஹாவைக் காட்டுகிறேன், அவள் எனக்கு நிலவைக் காட்டுகிறாள்” என்று அரபியில் ஒரு பழமொழியும் உண்டு. இதை மாமியிடம் சொன்ன பிறகு அவர் அந்தப் பெயரைக் கேட்ட விதமே மாறிவிட்டது. எனவே பெயரை மொட்டையாகச் சொல்லி “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள், பத்து நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறுதான் இன்னும் ஆபத்தானது என்பேன். கேட்டவுடன் ஓசையில் மயங்கி, அரபி எழுத்தைப் பார்க்காமலேயே பெயரை வைத்துவிடுவது. தமிழில் ‘ஆஸியா’ என்று எழுதுகிறோம். அலிஃப் எழுத்தில் தொடங்கி ஸீன் எழுத்தோடு வந்தால் அது ஃபிர்அவ்ன் என்ற எகிப்திய மன்னனின் மனைவியான, போற்றப்படுகிற ஆஸியா அம்மையாரின் பெயர். ஐன் எழுத்தில் தொடங்கி ஸாத் எழுத்தோடு வந்தால் ‘கீழ்ப்படியாதவள், பாவம் செய்பவள்’ என்று பொருள். இந்த இரண்டாவது பெயரைக் கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு நபிகளார் (ஸல்) ‘ஜமீலா’ என்று பெயரை மாற்றினார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, ‘ஸி’யைச் ‘சி’ ஆக்கினால் கண்டத்தின் பெயராகிவிடும்.

குறில் நெடிலும் அப்படித்தான். ‘அபீர்’ என்றால் நறுமணம். ‘ஆபிர்’ என்றால் கடந்து போகிறவர். ஸுஹாவிலேயே முதல் உயிரை மாற்றி ‘ஸஹா’ என்று படித்தால் ‘கவனம் தவறினான்’ என்று ஒரு வினைச்சொல் வந்து நிற்கும். அழகுக்காக எழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அரபுப் பெயர்களில் பொருளிலேயே கை வைப்பதாகும். அரபி நன்றாகப் படித்த ஒருவரிடம் அரபி எழுத்திலேயே காட்டிக் கேட்டுவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

சரி, பொருள். இணையத்தில் உள்ள பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தால் முக்கால்வாசிப் பெண் பெயர்களுக்கு ‘அழகானவள்’, ‘இளவரசி’ என்றுதான் போட்டிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். அதற்காக அகராதியை மட்டும் பார்த்துப் பெயரை ஒதுக்கவும் வேண்டாம். ‘அர்வா’ என்ற சொல்லுக்கு அகராதியில் மலையாடுகள் என்று இருக்கும். “ஆட்டுப் பேரா?” என்று யாராவது முகம் சுளிக்கலாம். ஆனால் அது நபிகளாரின் அத்தை ஒருவரின் பெயர். ஏமனை நீண்ட காலம் ஆண்டு 1138இல் மறைந்த ராணியின் பெயரும் அதுதான். இன்னும் சொல்லப்போனால், கதீஜா என்ற பெயரின் வேர்ச்சொல் குறைமாதப் பிறப்பைக் குறிக்கும். கதீஜா என்றதும் யாருக்காவது அது நினைவுக்கு வருகிறதா? நபிகளாரின் மனைவியான அந்த அம்மையார்தான் நினைவுக்கு வருகிறார். யாரெல்லாம் அந்தப் பெயரோடு வாழ்ந்திருக்கிறார்கள் என்பதையும் தேடிப் பாருங்கள்.

குர்ஆனில் உள்ள சொல் என்பதற்காகவே ஒன்றைப் பெயராக எடுப்பவர்களும் உண்டு. தஸ்னீம் (சொர்க்கத்து ஊற்று), ஸுன்துஸ் (மெல்லிய பச்சைப் பட்டு), அஃப்னான் (கிளைகள்) எல்லாம் அங்கிருந்து வந்த அருமையான பெயர்கள். ஆனால் ‘ஹாவியா’வும் குர்ஆனில்தான் இருக்கிறது, அது நரகத்தின் பெயர். ஓசை மட்டும் இனிமையாகவே இருக்கும்.

மற்றவர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். குடும்பக் குழுவில் பெயரைப் போட்டு வாக்கெடுப்பு நடத்தினால், எல்லோருக்கும் ஏற்கெனவே பழக்கமான பெயர்தான் ஜெயிக்கும். என் தங்கை கடைசியில் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பெயரைத் தாளில் எழுதி நான்கு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். வேறு நான்கு பேரிடம் வாயால் சொல்லி எழுதச் சொன்னாள். பிடித்திருக்கிறதா என்று யாரிடமும் கேட்கவில்லை. படித்தவர்கள் நான்கு பேரும் சரியாகப் படித்தார்கள். எழுதியவர்களில் இருவர் ‘ஸுகா’ என்று எழுதினார்கள். ஆக, சிக்கல் அந்த ‘ஹா’வில் மட்டும்தான் என்று தெரிந்தது. அதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் போதும். பெயர் திரும்பவும் தாளுக்கு வந்துவிட்டது.

அப்புறம் பதிவு. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், பள்ளியில் இன்னொன்று, பாஸ்போர்ட்டில் மூன்றாவது என்று ஆனால் பிள்ளைதான் பின்னால் அலைய வேண்டியிருக்கும். அரிதான பெயர் என்றால், படிவம் நிரப்புபவர் தனக்குத் தெரிந்த பெயராக நினைத்து எழுதிவிடும் வாய்ப்பு அதிகம். தமிழ், ஆங்கிலம், அரபி என மூன்று எழுத்திலும் பெயரை ஒரே தாளில் தெளிவாக எழுதி, படிவத்தோடு கையில் கொடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள்.