அவுஸ்திரேலியாவிலும் நம்ம ஊர்ச் சுட்ட மீன்

மட்டக்களப்பில் இருந்து அவுஸ்திரேலியாவுக்குக் குடிபோகிறவர்களே, அங்கே பாரமண்டி என்று விற்பது நம்ம வாவிக் கொடுவா மீன்தான்! முழு மீனாக வாங்கி, இரண்டு பக்கமும் ஆழமாகக் கீறி, உப்பு, மஞ்சள், கொச்சிக்காய்த்தூள் பூசி அரை மணி நேரம் வையுங்கள். தேசிக்காய்ப் புளியைச் சுட்ட பிறகு விடுவதே நல்லது. முன்னரே நெடுநேரம் ஊறினால் சதை குழைந்துவிடும். கரியில் வெள்ளைச் சாம்பல் படரும்வரை பொறுங்கள், அப்புறம் மீனை வையுங்கள். கம்பியில் ஒட்டினால் வாழையிலையில் சுற்றலாம்; ஆசியக் கடைகளில் உறைய வைத்த இலை கிடைக்கும்.

கோடையில் தீத்தடை நாளா, அதாவது வெளியில் தீ மூட்டத் தடை உள்ள நாளா என்று பார்த்துவிட்டே கரி மூட்டுங்கள். மழை, குளிர் என்று கரியடுப்பை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுபோகவே வேண்டாம். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமே இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.