அறை உறுதி மெயில் திரும்பி வருகிறதா? நீலகிரி ஹோம்ஸ்டேகாரர்கள் செய்ய வேண்டியது

மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம். அறை உறுதி மெயில் போய்ச் சேரவில்லை என்பது, விருந்தினர் மேட்டுப்பாளையத்திலிருந்து போன் போட்டுக் கேட்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. திரும்பி வந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

அதில் மூன்று இலக்க எண்ணோடு தொடங்கும் வரியைத் தேடுங்கள். 550 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 421, 451 தற்காலிகத் தடை. சர்வரே மறுபடி முயலும். 550 5.7.1 அல்லது 554 என்று வந்து, பக்கத்தில் ஸ்பாம்ஹவுஸ், ஸ்பாம்காப், பாரகூடா என்று ஏதாவது பெயர் இருந்தால் பிளாக்லிஸ்ட்தான், அதாவது ஸ்பாம் (வேண்டாத மெயில்) அனுப்புவோரின் தடைப்பட்டியல். பட்டியலில் ஏறியது ஐபி எண்ணா (அனுப்பும் சர்வரின் இணைய எண்), உங்கள் டொமைனா (மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) என்பதையும் அங்கேயே பாருங்கள்.

ஐபி என்றால் பெரும்பாலும் தவறு உங்களுடையது அல்ல. மெயில் சேவை நிறுவனங்கள் ஒரே ஐபியில் பல வாடிக்கையாளர்களை வைத்திருக்கின்றன. அதில் ஒருவர் விலைக்கு வாங்கிய முகவரிகளுக்கு அனுப்பினாலும் எல்லோருக்கும் அடி விழும். அந்த ஐபியை நீங்கள் விடுவிக்க முடியாது. நிறுவனம்தான் அனுப்பியவரின் கணக்கை முடக்கி, அதைச் சொல்லி, பட்டியலிலிருந்து நீக்கும்படி பட்டியல்காரரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காரணத்தைச் சரிசெய்யாமல் கேட்டால், எடுத்தாலும் மறுபடி ஏறிவிடும். அதுவரை உங்களை வேறு ஐபிக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவருக்கே முதலில் கிடைக்கும். "மெயில் போகவில்லை" என்று மட்டும் நிறுவனத்திடம் டிக்கெட் (புகார்) போட்டால் இரண்டு நாள் கேள்வி பதிலிலேயே போய்விடும். திரும்பி வந்த மெயில் முழுவதையும் ஹெடரோடு (மெயில் வந்த வழியைக் காட்டும் தலைப்பு வரிகள்) இணைத்து, அனுப்பிய நேரம், பெறுநரின் டொமைன், ஐபி எண் எல்லாவற்றையும் முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.

ஸ்பாம்ஹவுஸ் பிபிஎல் என்று வந்தால் கதை வேறு. அது குற்றப் பட்டியல் அல்ல. நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத, வீட்டு பிராட்பேண்ட் போன்ற ஐபிகளின் பட்டியல். குன்னூர் தேயிலைக் கடையின் பில்லிங் மென்பொருள் போர்ட் 25 (சர்வர்கள் தங்களுக்குள் மெயில் மாற்றிக்கொள்ளும் வாசல்) வழியே நேரடியாக அனுப்பினால் இதில் மாட்டும். பயனர் பெயர், கடவுச்சொல்லோடு உங்கள் மெயில் சேவையின் போர்ட் 587க்கு மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது.

டொமைனே ஏறியிருந்தால் வேலை உங்கள் பக்கம். இணையதளம் ஹேக் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து உங்கள் முகவரிப் பட்டியல். விருந்தினர் பதிவேட்டில் கையால் எழுதிய 'ஜி' 'க்யூ' ஆகிவிடும். எழுத்துப்பிழையான டொமைன்களையும், கைவிடப்பட்ட பழைய முகவரிகளையும் பட்டியல்காரர்கள் ஸ்பாம் பொறியாக, அதாவது ஸ்பாம் அனுப்புவோரைப் பிடிக்கும் தூண்டிலாக, வைத்திருக்கிறார்கள். ஆறு வருடப் பதிவேட்டை மொத்தமாகத் தட்டச்சு செய்து சீசன் சலுகை அனுப்புவது பொறிக்குள் நடந்து போவதுதான். தாமாகக் கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற குறிப்பு) ஒன்றுதான் இருக்க வேண்டும், அதில் டிஎன்எஸ் (இணையத்தின் பெயரேடு) தேடல் 10க்கு மேல் போகக் கூடாது. டிகிம் (மெயிலில் சேரும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தவறும் மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) இரண்டும் வேண்டும். ஜிமெயிலில் ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது.

அவசரப்பட்டு நிறுவனத்தை மாற்றாதீர்கள். டொமைனின் கெட்ட பெயர் கூடவே வரும். காசு கொடுத்தால் சீக்கிரம் எடுப்போம் என்று சொல்லும் பட்டியல்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பெயர் நீங்கிய பிறகும் பழைய டிஎன்எஸ் பதில் சில சர்வர்களில் கொஞ்ச நேரம் தங்கும். முதலில் ஒரே ஒரு முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். போனால் இந்த வார வருகைகளுக்கு மட்டும் உறுதி மெயிலை மறுபடி அனுப்புங்கள். சலுகை மெயில்கள் இன்னும் சில நாள் காத்திருக்கட்டும்.