பாக்காவ் நடப் போறீங்களா, மொதல்ல சேத்தப் பாருங்க

கோல சிலாங்கூர்ல பாக்காவ் (கடலோரம் உப்புத்தண்ணி சேத்துல வளர்ற மரம்) நடுற கோத்தோங் ரோயோங்னா, அதான் எல்லாரும் சேந்து செய்யிற வேலைனா, நம்ம பத்தாங் பெர்ஜுந்தைல இருந்து ஒரு வேன் ஆள் கெளம்பிடும், நானும் போயிருக்கேன், நட்டதுல பாதி கூட தங்கல. வேன் நிக்கிற எடம் கிட்டன்னு கடலோரம் வெறும் சேத்துல நட்டுட்டோம். அங்க அலை நேரா அடிக்கும், படகு அடியில ஒட்டுமே வெள்ளையா சொரசொரன்னு ஓடு, அது கன்னு பூரா ஒட்டி பாரம் தாங்காம சாஞ்சிடுச்சு.

அதனால தண்ணி வத்துற நேரத்துல போய் எது எங்க மொளச்சிருக்குன்னு பாருங்க. சேத்துல பென்சில் குத்தி வச்ச மாதிரி வேர் நின்னா அது அப்பி அப்பி மரம், கடலோரத்துக்கு அதுதான் சரி, வெதைய தண்ணியே கொண்டாந்து போடும், நம்ம கை வேணாம். அதுக்கு உள்ள தள்ளிதான் பாக்காவ். ஆத்துல மேல, உப்பு கம்மியான எடத்துல பெரெம்பாங் மரம், கம்போங் குவாந்தான்ல மின்மினி மொய்க்குதே அதேதான். அங்க போய் சுத்தம் பண்றேன்னு பாராங் கத்தி எடுத்து கரைய மொட்டையடிச்சிடாதீங்க, மின்மினியோட புழு அந்த ஈர மண்ணுலதான் சின்ன சின்ன நத்தைய தின்னு வளருது.

பாக்காவ் வெதை பாக்க முருங்கைக்கா மாதிரி இருக்கும், மரத்துல இருக்கும்போதே மொளச்சிடும். பச்சையா பிடுங்காதீங்க. மேல தொப்பி கிட்ட ஒரு வளையம் இருக்கும், பாக்காவ் குராப்ங்கிற வகைனா அது மஞ்சளானதும் முத்திடுச்சுன்னு அர்த்தம், இல்லாட்டி கீழ விழுந்தத பொறுக்குங்க, ஓட்டை விழுந்தது வேணாம். செம்பனைக் கன்னுக்கு மாதிரி குழியெல்லாம் வெட்டாதீங்க, கூர் முனை கீழ இருக்க மூணுல ஒரு பங்கு சேத்துக்குள்ள அழுத்துனா போதும் (தலைகீழா குத்துற ஆளையும் பாத்துட்டேன்!).

நெருக்கியும் நடாதீங்க. பேராக்ல மாத்தாங் காடு சுமார் 40,000 ஹெக்டேர், 30 வருஷத்துக்கு ஒரு தடவ கரிக்கு வெட்டி திரும்ப வளக்குறாங்க, அங்க பாக்காவ் மினியாக்ங்கிற இன்னொரு வகைக்கு 1.2 மீட்டர், குராப்புக்கு 1.8 மீட்டர் எடவெளி விடுறாங்க.

பாலிபேக்ல வந்த கன்னுன்னா பைய கிழிச்சு திரும்ப வேன்லயே போடுங்க. சில மாசம் கழிச்சு போட்டோ எடுக்க இல்லாம கன்னு எண்ண ஒரு தடவ போங்க, நண்டு கடிச்சிட்ட எடத்துல மறுபடி குத்துங்க. பசியாறிட்டே போங்க, சேத்துல எறங்கிட்டா மத்தியானம் வரைக்கும் டீத்தண்ணி கூட கெடைக்காது.