மஞ்சள் கரிசலாங்கண்ணி: செடியை அறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வாய்க்கால் கரைகளும் வயல் வரப்புகளும் பச்சை பிடிக்கும் மாதங்களில், செடிகளை அறிய ஆர்வத்தோடு வருகிறவர்களை அழைத்துக்கொண்டு நடப்பது என் வழக்கம். அவர்களில் பலர் முதலில் தேடுவது மஞ்சள் கரிசலாங்கண்ணியைத்தான். வள்ளலார் போற்றிய கரிசாலை என்பதும், சித்த மருத்துவத்தில் பொற்றலைக் கையான் என்று வழங்கும் மூலிகை என்பதும் அதற்குக் காரணம். ஆஸ்டரேசி எனப்படும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தப் பல்லாண்டுச் செடி ஈரமான நிலத்தில் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு வாழ்கிறது. நாங்கள் தொடக்கக் காலத்தில் தடுமாறிய அதே இடங்களில் இன்றைய புதியவர்களும் தடுமாறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வெள்ளைக் கரிசலாங்கண்ணியோடு குழப்பிக்கொள்வது போன்ற சிறு பிழைகளைப் பழக்கமே திருத்திவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பூங்கொத்தை ஒற்றைப் பூவாகக் கொள்ளுதல்

நீண்ட காம்பின் நுனியில் தனித்து நிற்கும் அந்த மஞ்சள் வட்டம் ஒரு பூ அன்று. பல சிறுமலர்கள் நெருங்கி அமைந்த சிரமஞ்சரி. ஒன்றைக் கிள்ளி நடுவே நகத்தால் பிளந்து, கைலென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் இதழ் போல நீண்டு, நுனியில் இரண்டு மூன்று பற்களோடு தெரிவது ஒவ்வொன்றும் ஒரு கதிர்ச் சிறுமலர். அது பெண் மலர். நடுவில் திரண்டிருப்பவை குழல் வடிவமான வட்டத்தட்டுச் சிறுமலர்கள். இவை இருபால் மலர்கள். ஒவ்வொரு குழலின் வாயிலும் ஐந்து மடல்கள் இருக்கும். அதனுள்ளே ஐந்து மகரந்தப்பைகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாக நிற்கும். சூலகத்தண்டு அந்தக் குழாயின் ஊடே வளர்ந்து மகரந்தத்தை மேலே தள்ளிக்கொண்டு வெளிவந்து, அதன் பிறகே தன் இரண்டு கிளைகளையும் விரிக்கும். சிறுமலர்கள் வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கி வரிசையாக மலர்வதால், ஒரே மஞ்சரியில் மொட்டும் மலரும் சேர்ந்தே கிடைக்கும். இந்த அமைப்பை ஒருமுறை கண்ணால் கண்டவருக்கு இந்தக் குடும்பத்தின் எந்தச் செடியும் அந்நியமாகத் தோன்றாது.

இதழ்களை எண்ணி முடிவு செய்தல்

எண்ணிப் பயனில்லை. ஒரே கொடியிலேயே மஞ்சரிக்கு மஞ்சரி எண்ணிக்கை மாறும்.

அமெரிக்கச் செடியை நாட்டு மூலிகை என்று நட்டு வளர்த்தல்

இந்த ஒரு தவற்றைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. சிங்கப்பூர் டெய்சி என்ற பெயரில் நாற்றங்கால்களில் கிடைக்கும் செடியின் அறிவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வெப்பமண்டலம் வரையிலும் கரீபியத் தீவுகளிலும் அது இயற்கையாக வளர்கிறது. தரையை மூடும் அழகுச் செடியாக உலகெங்கும் கொண்டு செல்லப்பட்ட பிறகு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தொகுத்த மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி ஸ்பாக்னெட்டிகோலா காலெண்டுலேசியா. இரண்டும் ஒரே பேரினம். இரண்டும் படரும், இரண்டும் மஞ்சளாகப் பூக்கும். ஆகவே கைப்பேசியில் மேலிருந்து எடுத்த ஒரு பூப்படத்தை அனுப்பி, இது கரிசலாங்கண்ணிதானே என்று கேட்பவருக்கு என்னால் உறுதியான விடை தர முடிவதில்லை.

பார்க்க வேண்டியது இலையை. நாட்டுச் செடியின் இலை ஒடுங்கி நீண்டது. விளிம்பு முழுமையாகவோ, ஓரிரண்டு சோடி மேலோட்டமான பற்களோடோ இருக்கும். காம்பு இல்லை என்றே சொல்லலாம். விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். சிங்கப்பூர் டெய்சியின் இலை அகன்று, தடித்து, பளபளப்பாக இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மடல்கள் பிரிந்து மூன்று முனைகளோடு தோன்றும். ஆனால் அதன் இலைகள் எல்லாவற்றிலும் இந்த மடல்கள் தெளிவாக இருப்பதில்லை. குறிப்பாக நுனியை ஒட்டிய சிறிய இலைகளில் காணாமலே போகலாம். கிள்ளி வந்த ஒரு கொழுந்தை வைத்து முடிவு செய்தவர்கள் ஏமாந்தது இப்படித்தான். கொடியை ஒரு முழ நீளத்துக்காவது தூக்கிப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கணுவிலும் உள்ள இலைச் சோடியைப் பார்க்க வேண்டும்.

காவிரிக் கழிமுகப் பகுதியில் ஒரு நண்பர், நாற்றங்கால் ஒன்றில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று கொடுத்த கொடித்துண்டுகளை நம்பி வாங்கி, வீட்டை ஒட்டிய குட்டையின் கரையில் நட்டார். அங்கே ஏற்கெனவே வல்லாரையும் நீர்ப்பிரமியும் மண்டியிருந்தன. உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியும் ஓரமாக ஒரு பாய் அளவுக்குப் படர்ந்திருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் புதிய கொடி கரை முழுவதையும் மூடி நீர்மட்டம் வரை இறங்கிவிட, அடியில் வெளிச்சம் படாமல் பழைய செடிகள் வெளிறி அழுகின. அவர் கேட்டது எந்தச் செடியோ அதுவே அந்தக் கரையிலிருந்து மறைந்துபோனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. பிறகு அவர் ஆட்களை வைத்து அறுத்து, குவியலை வாய்க்காலில் தள்ளச் சொன்னார். இந்தச் செடி பெரும்பாலும் பரவுவது விதையால் அன்று, ஒடிந்த தண்டால். கணு உள்ள ஒரு சிறு துண்டு ஈர மண்ணில் தங்கினாலே வேர் விடும். வாய்க்கால் தண்ணீர் அந்தத் துண்டுகளைச் சுமந்து கொண்டு போய், கீழ்மடை ஒவ்வொன்றிலும் சேர்த்தது.

அகற்ற வேண்டியவர்கள் மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு தோண்டி எடுத்து, சிமெண்டுத் தரையில் பரப்பி, தண்டு முறியும் அளவுக்குக் காயவிட வேண்டும். எருக்குழியில் போடக்கூடாது. சில மாதங்களுக்குத் தொடர்ந்து அந்த இடத்தைப் பார்த்து, தலைகாட்டும் துளிரை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வளர்த்து ஒப்பிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: தென் சீனாவில் இவ்விரண்டும் இயற்கையாகக் கலந்து கலப்பினம் உருவானது பதிவாகியுள்ளது, நாட்டுச் செடியின் தூய்மைக்கே அது ஆபத்து. சமையலைப் பொறுத்தவரை, சித்த மருத்துவ மரபு கூறும் குணங்கள் நாட்டுச் செடிக்கு உரியவை. வேற்று மண்ணிலிருந்து அண்மையில் வந்த செடியை அந்த நம்பிக்கையில் கீரையாகச் சமைப்பது கூடாது.

காற்றில் பறக்கும் விதையைத் தேடுதல்

இந்தக் குடும்பம் என்றாலே விதை பஞ்சோடு பறக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கிணற்றடிப் பூண்டு என்றும் மூக்குத்திப் பூண்டு என்றும் சொல்லப்படும் டிரைடாக்ஸின் கனியில் இறகு போன்ற தூவிகள் உண்டு. அதனால்தான் அது மொட்டைமாடி விரிசலிலும் முளைக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் கனியில் அந்தத் தூவி கிடையாது. உச்சியில் ஒரு சிறிய கிண்ணம் போன்ற செதில் வளையம் மட்டும் இருக்கும்.

ஒரே செடியின் பெயர்களை மூன்று செடிகளாக எண்ணுதல்

பழைய நூல்களில் வெடிலியா காலெண்டுலேசியா, வெடிலியா சைனென்சிஸ் என்று படிப்பதெல்லாம் இந்தச் செடியைத்தான். 1996-இல் தாவரவியலாளர் புருஸ்கி இதனை ஸ்பாக்னெட்டிகோலா பேரினத்துக்கு மாற்றினார். 1956-இல் வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடனாய்வாளர்களும் சென்னையில் இந்தச் செடியை ஆராய்ந்து அமைப்பைக் கண்டறிந்த வேதிப்பொருளுக்கு வெடலோலாக்டோன் என்ற பெயர் அமைந்தது அப்போதைய பேரினப் பெயரால்தான். அதே பொருள் வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் உண்டு. ஆகவே ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுபவர்கள் மூன்று பெயர்களாலும் தேட வேண்டும்.

வேரோடு பிடுங்குதல்

நாட்டுச் செடியைப் பறிக்கும்போது நுனியை மட்டும் கிள்ளுங்கள். மண்ணில் ஊன்றிய கணுவிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.