ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பெட்ரோல் ஜெனரேட்டர் என்றால் பலரும் ஷாக்குக்குத்தான் பயப்படுகிறார்கள். முதலில் பயப்பட வேண்டியது புகைக்கு. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, தலைச்சுற்றல் என்று உறைக்கும்போது எழுந்து வெளியே போகத் தெம்பில்லாமல் போகலாம். ஆகவே வராந்தா, கார் ஷெட், மாடிப்படிக்கு அடியில் எல்லாம் வேண்டவே வேண்டாம். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பதும் தப்புக்கணக்கு. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் வாய் கதவு ஜன்னல் பக்கம் திரும்பாதபடி வையுங்கள்.

ஓடும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்திய கையோடும் கூடாது. சூடான சைலன்சரில் சிந்தினால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். நன்றாக ஆறட்டும்.

இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி, வீடு முழுக்கக் கரண்ட் கொடுக்கும் 'ஐடியா' சிலரிடம் உண்டு. மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் வெளியே கம்பிக்குப் போய், அங்கே வேலை பார்க்கும் லைன்மேன் உயிரையே எடுத்துவிடும். வெளிக் கரண்ட், ஜெனரேட்டர் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்கு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைப்பதுதான் முறை. அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

மாதக்கணக்கில் தேவைப்படாது என்றால், திறந்த வெளியில் வைத்து டேங்க்கைக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில் தங்கும் பழைய பெட்ரோல் பிசின் மாதிரியாகி, அதில் பெட்ரோல் வரும் ஜெட்டின் நுண்துளையை அடைத்துவிடும். அவசரத்துக்குக் கயிற்றை எத்தனை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மிச்ச பெட்ரோல் கேனை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.